பதினேழாவது பயணி



எங்கள் சபை 25 ஆண்டுகளை நிறைவு செய்ததை நன்றியோடு நினைவுகூரும்படி, 2024 ஏப்ரல் மாதத்தில் நாங்கள் 41 பேர் மும்பைத் துறைமுகத்திலிருந்து கோவாவுக்குக் கப்பலில் போய்த் திரும்பினோம். திங்கட்கிழமை மாலை புறப்பட்டுப் புதன்கிழமை வீடு சேர்ந்த சிறிய பிரயாணம். அதைக் கேள்விப்பட்ட வேறு சபையார் பலர், புனேயிலிருந்தும் சூரத்திலிருந்தும்கூட, தொலைபேசியில் விசாரித்து வருகிறார்கள். கடல் எப்படி இருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. "பாஸ்டர், கூட்டமாகப் பதிவு செய்தால் இலவச இடம் தருகிறார்களாமே?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது.

தருகிறார்கள். அந்த இலவச இடம் எங்கிருந்து வருகிறது, அது யாருக்கு உரியது, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு போதகன் எவ்வாறு தடுமாறக்கூடும் என்பதையெல்லாம் ஒருமுறை எழுதிவிட்டால், தொலைபேசியில் மறுபடியும் மறுபடியும் சொல்ல வேண்டியிராது என்று என் துணைவியார் கூறினார்கள். ஆகையால் எழுதுகிறேன்.

கப்பல் நிறுவனத்தாருக்குக் காலியான அறை என்பது சந்தையில் விற்காமல் நின்றுபோன மீனைப் போன்றது. கப்பல் கரையைவிட்டு நகர்ந்த பின்பு அதற்கு விலையே இல்லை. அதனால் பல அறைகளை ஒரே கையில் எடுத்து, மாதங்களுக்கு முன்பே முன்பணம் கட்டுகிறவரை அவர்கள் மிகவும் மதிக்கிறார்கள். பன்னாட்டுக் கப்பல் நிறுவனங்கள் பலவற்றில் இதற்கான வழக்கம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. குறைந்தது 8 அறைகள், அறைக்கு இருவராக 16 பேர் இருந்தால் அது குழு. அந்த 16 பேரும் கட்டணம் செலுத்தினால், பதினேழாவது ஆளுக்குப் பயணக் கட்டணம் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனமும் பருவத்துக்குப் பருவமும் இந்த எண் மாறக்கூடும். எங்களுக்குக் கிடைத்த உடன்படிக்கை இந்த 16க்கு ஒன்று என்பதுதான்.

ஆனால் எண்ணுகிற விதம் நாம் நினைக்கிறபடி இராது. ஓர் அறையில் முதல் இருவரே கணக்கில் வருவார்கள். அதே அறையின் மேற்படுக்கைகளில் படுக்கிற மூன்றாமவரும் நான்காமவரும் குறைந்த கட்டணத்தில் வருவதால் இந்த எண்ணிக்கையில் சேர்க்கப்படுவதில்லை. எங்களோடு வந்த 7 பிள்ளைகளும் இப்படிக் கணக்குக்கு வெளியே நின்றார்கள். தனியாக வருகிறவர் இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் ஏறத்தாழ இரண்டு பேருக்கான கட்டணத்தைச் சுமக்க நேரிடும். இலவச இடம் என்பதும் முழு இலவசம் அன்று. நீங்குவது பயணக் கட்டணம் மட்டுமே. துறைமுகக் கட்டணம், வரி, கப்பல் ஊழியருக்கான சேவைத் தொகை ஆகியவற்றை அந்தப் பதினேழாவது ஆளும் கட்டியாக வேண்டும். முதலில் எனக்கு இது ஓர் ஏமாற்றாகத் தோன்றியது. பின்னர் அதே விதி எங்களுக்குப் பெரிய உதவியாயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேறு சலுகைகளும் உண்டு. பதிவு செய்த நாளின் விலையை மாதக்கணக்கில் அப்படியே நிறுத்தி வைப்பார்கள். உணவறையில் அடுத்தடுத்த மேசைகளை ஒதுக்குவார்கள். ஒரு மணி நேரம் தனி அரங்கு தருவார்கள். கப்பலுக்குள் செலவழிக்கும்படி ஒரு சிறு தொகையை வரவு வைப்பார்கள். குறித்த தேதிக்குள் சொல்லிவிட்டால், எடுத்துவைத்த அறைகளை அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கலாம். சபைகளுக்கு நான் சொல்லும் ஆலோசனை, இலவச இடத்தைக் குறித்து விசாரிப்பதற்கு முன்பு இந்தத் தேதியைக் குறித்து விசாரியுங்கள் என்பதே. ஏழைக் குடும்பங்கள் இருக்கிற சபையில் கடைசி நேரத்தில் பெயர் விலகுவது நடந்தே தீரும்.

இங்கே ஒன்றை நான் அறிக்கையிட வேண்டியிருக்கிறது. 2012ஆம் ஆண்டில் எங்கள் சபையாரையும் நண்பர்களையும் சேர்த்து 30 பேரை எருசலேமுக்கு அழைத்துச் சென்றேன். அந்தப் பிரயாணத்தில் 15 பேருக்கு ஒருவர் இலவசம். எனக்கும் என் துணைவியாருக்கும் அந்த இரண்டு இடங்களும் கிடைத்தன. நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கலிலேயாக் கடலில் படகில் நின்று ஜெபம் செய்தபோது என் மனச்சாட்சியில் ஒரு சிறு சலனமும் இருந்ததில்லை என்பதை இப்போது எண்ணினால் எனக்கே பயமாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு சபையின் வருடாந்தரக் கூட்டத்தில், பயண நிறுவனம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வாலிபத் தம்பி ஒருவர் எழுந்தார். அவருடைய பெற்றோரும் எங்களோடு எருசலேமுக்கு வந்தவர்கள். "ஐயா, நீங்களும் அம்மாவும் எவ்வளவு கட்டினீர்கள்?" என்று பணிவாகத்தான் கேட்டார். ஊழியக்காரன் உழைத்தான், அது அவனுக்கு உரியது என்று மூப்பர் ஒருவர் எனக்காகப் பேசினார். உரியது என்றே நானும் எண்ணியிருந்தேன். உரியதானால் ஏன் சொல்லாமல் வைத்திருந்தேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வேதாகமக் கல்லூரியில் கேயாசியைக் குறித்து நான் எழுதிய கட்டுரைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்திருந்தது. நாகமானிடம் அவன் வாங்கிய வஸ்திரங்களையும் வெள்ளியையும் விட, வாங்கியதை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து எலிசாவுக்கு முன்பாக ஒன்றும் நடவாததுபோல் நின்றதே பெரிய காரியம் என்று அதில் எழுதியிருந்தேன். எழுதுவது எளிது. அந்தத் தம்பியின் குடும்பம் கூச்சலிடவில்லை. சில மாதங்களில் அமைதியாக வேறு சபைக்குப் போய்விட்டது.

ஆகவே, 25ஆம் ஆண்டுக்குக் கப்பலில் போகலாம் என்று வாலிபர் கூட்டத்தார் சொன்னபோது முதலில் மறுத்துவிட்டேன். மூப்பர்கள் மறுத்த காரணம் வேறு. சூதாட்ட மேசையும் மதுக்கடையும் இருக்கிற இடத்துக்குச் சபையை நடத்திச் செல்லலாமா என்பது அவர்களுடைய கேள்வி, நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொன்னவர் வீட்டு வேலை செய்து பிழைக்கிற ஒரு சகோதரி. "எங்க சந்துக்குள்ள நாலு கடை இருக்குங்க ஐயா. தினமும் அதைத் தாண்டித்தான ஜெபத்துக்கு வாறோம்?" என்றார். அதற்குமேல் விவாதம் நீளவில்லை. பத்து மாதத் தவணை, ஒவ்வொரு தவணைக்கும் ரசீது, பொருளாளரின் பெயரில் தனி வங்கிக் கணக்கு என்று தீர்மானித்தோம். ஞாயிறு ஆராதனை தடைபடாதபடி வார நாட்களைத் தெரிந்துகொண்டோம். வார நாட்களில் கட்டணமும் குறைவு.

முகவர் நல்ல மனிதர்தான். உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "பாதிரியார் சாப், 34 பேர் சேருங்கள். இரண்டு இடம் உங்களுக்கும் அம்மாவுக்கும். பில்லில் அதைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே விலையாகப் போட்டுவிடுகிறேன்." இது அந்தத் தொழிலின் வழக்கம். அவர் தம்மளவில் எனக்கு மரியாதையே செய்தார். ஒவ்வொரு தொகையையும் பிரித்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் முகம் சற்று மாறிற்று; ஆனாலும் கொடுத்தார். அந்தத் தாளைச் சபையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அதன் பிரதி ஒன்றை, எந்தத் தம்பி 2013இல் எழுந்து கேட்டாரோ அவருக்கே அனுப்பி, இந்தத் தொழில் தெரிந்தவராகப் படித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பத்து ஆண்டுகளுக்குப் பின் அவரோடு பேசுகிறேன். மறுநாள் இரவே அழைத்தார். பிள்ளைகள் எண்ணிக்கையில் வரமாட்டார்கள் என்பதையும், இலவச இடத்துக்கும் வரி உண்டு என்பதையும், பெயர் மாற்றுவதற்குக் கடைசித் தேதி எது என்பதையும் எனக்குச் சொன்னவர் அவரே.

இனிச் சொல்வது எனக்கு இன்னும் அவமானமான காரியம்.

ஜனவரிக்குள் 16 அறைகள் நிரம்பி 32 பேர் ஆகிவிட்டோம். ஓர் இலவச இடம் உறுதியாயிற்று. இன்னும் ஓர் அறை நிரம்பினால் 34. இரண்டாவது இடமும் கிடைக்கும். அந்த இரண்டில் ஒன்றும் எனக்கு அல்ல என்று சபைக்கு முன்பாகவே சொல்லியிருந்தேன். ஆனாலும் அந்த எண் என் மனதில் ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்தால் 34. வேதத்தைத் திறந்தால் 34. எங்கள் சபையில் வாடகை ஆட்டோ ஓட்டுகிற ஒரு சகோதரர் இருக்கிறார். வீட்டுக்குப் போய், "தம்பி, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் வாருங்கள், சபையாகப் போகிறோம், விட்டுவிடாதீர்கள்" என்று அன்போடு வற்புறுத்தினேன். அவர் தலையசைத்தார். போதகர் வீடு தேடி வந்து கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வார்?

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி என் துணைவியாரிடம் அழுதுவிட்டார்கள். பள்ளிக் கட்டணம் பாக்கியிருக்க, வாரவட்டிக்கு வாங்கி முன்பணம் கட்டியிருக்கிறார்கள். இலவச இடம் என்கிற தூண்டில் என் கையில் இருந்ததாக நினைத்தேன். அது என் வாயில் இருந்தது. அபராதமின்றித் திருப்பும் தேதிக்கு ஒன்பது நாள் மீதமிருந்தது. பெயரை நீக்கி, முன்பணத்தைத் திரும்பப் பெற்று, அந்த மூன்று வாரத்து வட்டியை என் கையிலிருந்து கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அந்தச் சகோதரி இன்றும் என்னோடு முன்போலப் பேசுவதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பதினேழாவது அறை இனி வேண்டாம் என்று விட்டுவிட்ட பின்பு அந்தத் தம்பியின் அழைப்பு வந்தது. "ஐயா, இடம் இருந்தால் நானும் என் மனைவியும் வரலாமா? முழுக் கட்டணம் கட்டித்தான் வருவோம்" என்றார். முழுக் கட்டணம் என்பதை அவர் சற்று அழுத்திச் சொன்னார் என்றே எனக்குப் பட்டது.

இரண்டு இடங்களை என்ன செய்வது என்பதற்குச் சபை கூடியது. எல்லாருக்கும் பங்கிட்டால் தலைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் குறையும், அதுவே நியாயம் என்றார் பொருளாளர். மூப்பர் ஒருவர் இப்போதும் போதகருக்கே கொடுக்க வேண்டும் என்று நின்றார். கடைசியில், 19 ஆண்டுகளாக ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிற சகோதரருக்கு ஒன்று, மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்து மும்பையில் விதவையாக வாழும் ஒரு தாயாருக்கு ஒன்று என்று முடிவாயிற்று. சகோதரர் ஏற்கெனவே தவணை கட்டி வந்தவர். வரி போக மீதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மகளின் புத்தகங்களுக்கு வைத்துக்கொண்டார். தாயார்தான் முடியாது என்றுவிட்டார். "சும்மா கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் வரல ஐயா. நாளைக்கு எவளாவது ஒரு சொல்லு சொன்னா என்னால தாங்க முடியாது."

தர்மம் செய்கிறவர்களுக்கு இந்தச் சொல் எளிதில் விளங்குவதில்லை. எனக்கும் விளங்கச் சில நாள் ஆயிற்று. அப்போதுதான் அந்த வரி விதி நினைவுக்கு வந்தது. "அம்மா, இது முழு இலவசம் அல்ல. துறைமுகக் கட்டணமும் வரியும் நீங்கள்தான் கட்ட வேண்டும். கப்பல்காரர் யாருக்கும் அதைத் தள்ளுவதில்லை" என்று தாளைக் காட்டினேன். தாளை மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மறு ஞாயிறு முடிச்சை அவிழ்த்து முதல் தவணையைக் கொடுத்தார். யோனாகூட யோப்பாவில் கப்பலுக்குக் கூலி கொடுத்துத்தான் ஏறினார் என்று நான் சொல்ல, "அவரு ஓடிப்போறதுக்குக் கொடுத்தாரு, நான் பாக்கப்போறதுக்குக் கொடுக்கேன்" என்றார். அதற்குமேல் நான் பிரசங்கம் செய்யவில்லை.

புறப்பாட்டு நாளும் வந்தது. பல்லார்ட் பியர் பக்கம் கப்பல் ஏறினோம். இந்தியாவுக்குள்ளேயே செல்லும் பிரயாணமாதலால் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. ஆதார் அட்டையே போதுமாயிருந்தது. இப்போது அங்கே பெரிய பன்னாட்டுப் பயணக்கப்பல் முனையம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் போனபோது அது முடிந்திருக்கவில்லை. வரிசையில் வெயிலில் நின்றோம். வெளி உணவு கூடாது என்று முன்பே சொல்லியிருந்தும், முறுக்கு டப்பாக்கள் நான்கு சோதனையில் பிடிபட்டன. அறைச் சாவிகளைக் கொடுத்த பெண், "நீங்கள் குழுத் தலைவர், உங்களுக்குப் பால்கனி அறையாக உயர்த்தியிருக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே ஓர் அட்டையை நீட்டினார். பின்னால் 40 பேர் நிற்கிறார்கள். கமிட்டியைக் கூட்ட நேரமில்லை. என் துணைவியார் என்னைப் பார்த்தார்கள். நான் அட்டையைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டேன். அறைக்குப் போனால் மேசையின்மேல் பழத்தட்டும், அதன் அருகே ஒரு திராட்சமதுப் போத்தலும், குழுத் தலைவருக்கு வாழ்த்து என்ற அட்டையும் இருந்தன. போத்தலைத் திருப்பி அனுப்பினோம். அதை எடுத்துச் சென்ற மங்களூர்ப் பையன் எங்களை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தான்.

கப்பல் நகர்வதற்கு முன் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். அறைக்குரிய கூடுமிடத்துக்கு ஒவ்வொருவரும் போய் நிற்க வேண்டும். அன்று நான் பலமுறை தலைகளை எண்ணினேன். பவுல் சென்ற கப்பலில் 276 பேர் இருந்ததை அப்போஸ்தலருடைய நடபடிகள் அத்தனை துல்லியமாக எழுதிவைத்ததன் காரணம், ஒரு கூட்டத்தைக் கடலில் அழைத்துச் செல்கிறவனுக்குத்தான் முழுமையாகப் புரியும். 41 சரியாக இருந்தது.

சூரியன் சாய்கிற வேளையில் கேட்வே ஆஃப் இந்தியா வலப்புறமாகக் கடந்து சென்றது. 1924இல் திறக்கப்பட்ட அந்த வாயிலை நாங்கள் எல்லாரும் கரையிலிருந்தே பார்த்தவர்கள். ஊரிலிருந்து வரும் உறவினரை முதலில் அழைத்துப் போய்ப் படமெடுக்கிற இடம். கடலிலிருந்து அது சிறிய தீப்பெட்டியாகத் தெரிந்தது. அதன் பின்னால் இருக்கிற நகரமும், அதற்குள் நாங்கள் அலைகிற தெருக்களும் ஒரே பார்வைக்குள் அடங்கின. கொலாபாவின் தென்முனையில் 1875ஆம் ஆண்டு முதல் நிற்கும் பிராங்ஸ் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு அப்பால் திறந்த கடல்.

எங்கள் மூத்த டீக்கன் ஐயாவுக்கு 78 வயது. 1968இல் கோவாவில் கட்டட வேலைக்குப் போனபோது, பாவ்ச்சா தக்காவிலிருந்து கொங்கண் கரையோர நீராவிக் கப்பலில் சென்றதை மேல்தளத்தில் நின்று விவரித்தார். தளத்தில் பாய் விரித்துப் படுப்பார்களாம். வழித் துறைகளில் கப்பல் ஆழத்தில் நிற்க, சிறு படகுகள் வந்து ஆட்களையும் மாம்பழக் கூடைகளையும் ஏற்றிச் செல்லுமாம். 1947 ஜூலை 17இல் ரேவஸுக்குப் புறப்பட்ட ராம்தாஸ் என்னும் கப்பல் கவிழ்ந்து 600 பேருக்கு மேல் மாண்டதைப் பழைய மாலுமிகள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடம் நாங்கள் கடந்துவந்த துறைமுக வாயிலுக்கு அப்பால், கிழக்கே இருக்கிறது. கீழே இசையும் விளக்குகளுமாக இருந்தது. எங்கள் வாலிபர் சிலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததை நான் அறிவேன், கேட்கவில்லை.

மணப்பாட்டுத் தாயார் உறங்கவேயில்லை. கடற்கரையில் பிறந்து, தகப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனதை வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவர். பெண்பிள்ளைகளைப் படகில் ஏற்றமாட்டார்களாம். 64 வயதில் முதன்முறையாகக் கரை தெரியாத தண்ணீரைப் பார்க்கிறார். நள்ளிரவில் நான் மேலே போனபோது, அறையைப் பகிர்ந்துகொண்ட ஓய்வுபெற்ற நர்ஸ் சகோதரியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பா இதைத்தான் தினமும் பாத்திருக்காரு" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

மறுநாள் கப்பல் மர்முகாவ் துறைமுகத்தில் நின்றது. ஜுவாரி ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம் அது. இரும்புத் தாதும் நிலக்கரியும் கையாளுகிற துறை. விளம்பரப் படங்களில் வரும் கோவா அதுவல்ல. கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலா விலை கூடியதாயிருந்தபடியால், தம்பி தமக்குத் தெரிந்தவர் மூலம் இரண்டு சிறு பேருந்துகளை அமர்த்தியிருந்தார். கடற்கரைக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் அழுதும், பழைய கோவாவுக்கே முதலில் போனோம். இது என் பிடிவாதம்.

போம் ஜேசு ஆலயம் 1605இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பிரான்சிஸ் சேவியரின் உடல் அங்கே உயரத்தில் வெள்ளிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் அங்கே வணங்கச் செல்லவில்லை, பார்க்கச் சென்றோம். ஆனால் 1542இல் கோவாவில் வந்திறங்கி, அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்குப் போய், அங்குள்ள மக்களிடையே தமிழில் உபதேசத்தைக் கற்பிக்கப் பாடுபட்ட மனிதர் அவர். தாயார் அண்ணாந்து பார்த்து, "இவரு எங்க ஊர்க் குகையில தங்கினவரு ஐயா. நாங்க சின்னப்பிள்ளையில அங்கதான் விளையாடுவோம்" என்றார். பேருந்தில் வந்த மற்றவர்களுக்கெல்லாம் அது ஒரு பேராலயம்; அவருக்கு அது ஊர்க்காரர் ஒருவரைத் தூரதேசத்தில் கண்டதுபோல இருந்தது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் பரிசுத்த பவுல் கல்லூரியின் வாயில்வளைவு மட்டும் தனித்து நிற்கிறது. இந்தியாவின் முதல் அச்சு இயந்திரம் 1556இல் வந்து சேர்ந்தது அக்கல்லூரிக்குத்தான். 1577இல் தமிழ் எழுத்துகளைக் கோவாவில் வார்த்தார்கள். அடுத்த ஆண்டு கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. தமிழ் வேதாகமத்தைக் கையில் வைத்திருக்கிற நாம் அந்த வளைவின் கீழே ஐந்து நிமிடமாவது நிற்கலாம். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்குமேல் பொறுக்கவில்லை. பிற்பகலில் கடற்கரைக்குப் போனோம். ஏப்ரல் வெயில் மிகக் கொடியது. இந்த மாதத்தைத் தெரிந்துகொள்ளாதிருங்கள்.

திரும்பும் இரவில் எங்களுக்கு ஒதுக்கிய சிறு அரங்கில் ஒரு மணி நேரம் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தினோம். பிறகு எங்கள் பால்கனிக்குக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு இரண்டே நாற்காலிதான். பிள்ளைகள் கம்பியைவிட்டு நகர மறுத்தார்கள். தம்பியும் அவர் மனைவியும் கடைசியாக வந்தார்கள். அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கணக்கு ஐயா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டாரா என்பது இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

மே மாதத்து இரண்டாம் ஞாயிறு, ஆராதனைக்குப் பின் பொருளாளர் கணக்கு வாசித்தார். 34 பேரின் பயணத்தில் கட்டணம் செலுத்தியவர் 32. இலவச இடம் 2. அவற்றுக்கான வரியும் துறைமுகக் கட்டணமும் பயணிகளாலேயே செலுத்தப்பட்டன. குழுவுக்குக் கப்பல் தந்த வரவுத் தொகை பிள்ளைகளின் ஐஸ்கிரீமுக்கும் பேருந்தின் மீதிக்கும் ஆயிற்று. 212 ரூபாய் சபைக் கணக்கில் சேர்ந்தது. அடுத்த வரியை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். "பால்கனி அறை, போதகரின் பெயரில், வித்தியாசத் தொகை செலுத்தப்படவில்லை." பொருளாளர் அதை வாசித்ததும் சபை சிரித்துவிட்டது. மூப்பர் ஐயா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இதையெல்லாமா வாசிப்பது என்று பின்பு என்னைக் கடிந்துகொண்டார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கலையும்போது மணப்பாட்டுத் தாயார் பொருளாளரின் மேசைக்கு முன் நின்றார். கடைசித் தவணைக்கு ரசீது தரவில்லையாம். பொருளாளர் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார். அதில் தம் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நான்காய் மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.